மட்டக்களப்பில் இருந்துகொண்டு விமர்சனக் கோட்பாட்டையும் அரசியல் மெய்யியலையும் பின்தொடர்வது எப்படி?

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பட்டப்படிப்பை முடித்தவர்கள், பாடசாலையில் அரசறிவியல் கற்பிக்கிறவர்கள், மகளிர் அமைப்புகளில் வேலை செய்கிறவர்கள் எனப் பலரும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "இந்தத் துறையில் இப்ப என்ன பேசுறாங்க எண்டு எப்படித் தெரிஞ்சுகொள்றது?" மார்க்ஸ், கிராம்சி, பூக்கோ வரை அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த முப்பது நாற்பது வருடங்களில் என்ன நடந்தது என்பது முகநூலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துபோகும் பெயர்களாகவே இருக்கிறது. பெரிய நூலகமும் சந்தா கட்டும் நிறுவனமும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களுக்குத்தான் இது சாத்தியம் என்று விட்டுவிடுகிறார்கள்.

சாத்தியம்தான். ஒரு போன், கிழமைக்கு நாலைந்து மணி நேரம், அகராதி பார்க்கும் பொறுமை, கூட வாசிக்க இரண்டு பேர். இவ்வளவும் இருந்தால் போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்களைப் பின்தொடரப் போனால் களைத்துப்போவீர்கள். இன்றைக்கு ஒருவரின் பெயர் அடிபடும், அடுத்த வருடம் இன்னொருவர் வருவார். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போனால், வாசிக்க வேண்டிய ஆட்கள் தாமாகவே வந்து சேர்வார்கள்.

முதலில் ஒரு கேள்வி

கேள்வி உங்கள் ஊரில் இருந்து வர வேண்டும். "நீதி என்றால் என்ன" என்று தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தெரியாது. இப்படித் தொடங்கலாம்: நுண்கடன் எடுத்த ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் கிழமைக்குக் கிழமை வசூலிக்கிறவர் வந்து நிற்கிறார். அது அந்தப் பெண்ணின் சொந்தப் பிரச்சினையா, ஊர்ப் பிரச்சினையா? அதை யார் தீர்மானிக்கிறார்கள்? அல்லது 2023இல் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட உட்கார்ந்தார்கள். ஒரு நிலத்தைத் தலைமுறையாகப் பயன்படுத்தி வந்ததால் உரிமை வருமா? அல்லது அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்ட ஒருவர் பிரதேச செயலகத்தில் மனுவோடு நிற்கும்போது, அவர் உரிமை கேட்கும் குடிமகனா, தயவு கேட்கும் பயனாளியா?

இவற்றில் எதை எடுத்தாலும் அதைப் பற்றி உலகில் எங்கோ தீவிரமான ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. கேள்வியை ஒரு சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு வரியில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு அதை மாற்ற வேண்டாம்.

துறையின் அமைப்பு, சுருக்கமாக

விமர்சனக் கோட்பாடு என்று குறுகிய பொருளில் சொல்வது 1923இல் ஜெர்மனியின் பிராங்பேட் நகரில் தொடங்கிய சமூக ஆய்வு நிறுவனத்தின் வழி வந்தது. மக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937இல் எழுதிய ஒரு கட்டுரையில் அந்தப் பெயர் நிலைபெற்றது. சமூகத்தை விவரிப்பதோடு நிற்காமல், அதில் உள்ள ஆதிக்கத்தில் இருந்து மனிதர் விடுபடுவதையும் நோக்கமாகக் கொண்ட ஆய்வு என்பது அதன் சாரம். அடோர்னோ, மார்கூசா, பிறகு ஹேபர்மாஸ், அவருக்குப் பிறகு அக்செல் ஹொனத், அமெரிக்காவில் நான்சி பிரேசர் என்று அது தொடர்கிறது.

இன்னொரு பக்கம், ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் இருந்து ஆங்கில உலகின் அரசியல் மெய்யியல் பெரும்பாலும் கிளைக்கிறது. அங்கே தர்க்கம் இறுக்கமாக இருக்கும், வரலாறு குறைவாக இருக்கும். றோல்ஸ் வழியை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர்களில் சார்ள்ஸ் மில்ஸ் முக்கியமானவர். மனிதர் தமக்குள் உடன்பட்டே சமூகத்தையும் அரசையும் அமைத்தார்கள் என்கிற சமூக ஒப்பந்தம் என்ற கருத்தே இன ஆதிக்கத்தை மறைத்தது என்று 1997இல் அவர் வாதிட்டார்.

மூன்றாவது, காலனித்துவத்துக்குப் பிந்திய நாடுகளில் இருந்து வரும் எழுத்து. 1982இல் வெளிவரத் தொடங்கிய விளிம்புநிலை ஆய்வுத் தொகுதிகள், பார்த்தா சட்டர்ஜி, அதற்கு வெகு முன்பே 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதிய அம்பேத்கர் எல்லாரும் இதற்குள் வருவார்கள். நம்மூர் வாசகர் இந்த மூன்றாவதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கக் கூடாது. முதல் இரண்டையும் சோதித்துப் பார்க்க உங்களுக்கு அதுதான் கைகொடுக்கும்.

முதல் மாதம்: கலைக்களஞ்சியம்

ஸ்டான்போர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியம் 1995இல் தொடங்கியது. முழுக்க இலவசம். ஒவ்வொரு கட்டுரையையும் அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவர் எழுதுகிறார், மற்ற ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள், சில வருடங்களுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். தலைப்புக்குக் கீழே முதலில் வெளியான திகதியும் கடைசியாகத் திருத்திய திகதியும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாசியுங்கள். விமர்சனக் கோட்பாடு, அங்கீகாரம், அந்நியமாதல், ஆதிக்கம், சுரண்டல், ஹேபர்மாஸ் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டுரைகள் உண்டு.

ஒன்றை மட்டும் எடுங்கள். முதல் தடவை முழுவதும் விளங்காது. விளங்காத பத்திகளைத் தாண்டிப் போய், யார் யாரோடு முரண்படுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். "இதற்கு எதிராக", "இன்னார் மறுத்தார்" என்று வரும் இடங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. கட்டுரையின் அடியில் உள்ள நீண்ட உசாத்துணைப் பட்டியலில் அந்தப் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் முழுவதையும் வாசிக்க நினைக்கிறவர் எதையுமே வாசிக்க மாட்டார்.

ஒரு விவாதத்தை முழுதாகப் பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான். நுண்கடன் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கடன் ஒரு வீட்டு விஷயமா, பொது விஷயமா? இந்தக் கேள்வி பொதுவெளி பற்றிய விவாதத்துக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

ஹேபர்மாஸ் 1962இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கோப்பிக் கடைகளிலும் வரவேற்பறைகளிலும் பத்திரிகைகளிலும் தனிமனிதர்கள் கூடிப் பொது விஷயங்களைக் காரணம் காட்டி விவாதித்தார்கள், அங்கே பட்டமோ பதவியோ அல்ல, வாதத்தின் வலிமைதான் செல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உருவானது, பின்னர் வணிக ஊடகமும் பெரும் அமைப்புகளும் அந்த வெளியைச் சிதைத்தன என்பது அவர் சொன்ன கதை. ஆங்கிலத்தில் அந்த நூல் வந்தது 1989இல்தான். இருபத்தேழு வருடம் கழித்து. அதனால்தான் ஆங்கில உலகின் எதிர்வினைகள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குவிந்து கிடக்கின்றன. ஒரு நூல் எந்த மொழியில் எப்போது வந்தது என்று பார்ப்பது ஏன் முக்கியம் என்றால் இதற்காகத்தான்.

1990இல் நான்சி பிரேசர் சோசியல் டெக்ஸ்ட் என்ற ஆய்விதழில் பதில் எழுதினார். அவர் நாலு விஷயங்களைக் கேள்வி கேட்டார். சமூக ஏற்றத்தாழ்வு இருக்கும்போதே அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சமமானவர்கள் போலப் பேச முடியுமா? ஒரே பொதுவெளி இருப்பது பல இருப்பதைவிட நல்லதா? எது பொது விஷயம், எது தனிப்பட்ட விஷயம் என்று முன்கூட்டியே வரையறுக்கலாமா? சிவில் சமூகமும் அரசும் கறாராகப் பிரிந்து நிற்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றே பதில் சொன்னார். பெண்கள், தொழிலாளர், கறுப்பினத்தவர் போன்றோர் தங்களுக்குள் கூடிப் பேசித் தங்கள் மொழியை உருவாக்கிக்கொண்ட எதிர்ப் பொதுவெளிகள் எப்போதும் இருந்தன என்றார். மூன்றாவது கேள்விக்கு அவர் தந்த உதாரணம் வீட்டு வன்முறை. ஒரு காலத்தில் அது கணவன் மனைவிக்கு இடையிலான விஷயம். பெண்ணியவாதிகள் தங்கள் வெளிகளில் பேசிப் பேசித்தான் அதைப் பொது விஷயமாக்கினார்கள்.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புங்கள். நுண்கடன் குழுக்களில் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே அந்தக் குழுக் கூட்டமும் ஒரு கூடுகைதான். ஆனால் அது பெண்கள் தங்கள் குரலைக் கண்டுகொள்ளும் எதிர்ப் பொதுவெளியா, ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் வசூல் ஏற்பாடா? பிரேசரின் கட்டுரையில் இதற்கு நேரான விடை கிடையாது. பெண்கள் கூடும் இடம் என்றாலே அங்கே எதிர்ப்புக் குரல் பிறக்கும் என்று நினைக்கிற வாசகரை இந்த உதாரணம் தடுத்து நிறுத்தும். இப்படி உரசும் இடம் கிடைத்தால் கொப்பியில் பெரிதாக எழுதுங்கள். நீங்கள் பின்னாளில் ஏதாவது எழுதுவதாக இருந்தால் அது அங்கிருந்துதான் வரும்.

விவாதம் அதோடு முடியவில்லை. 1992இல் இந்த எதிர்வினைகள் ஒரு தொகுப்பாக வந்தன. அதில் ஹேபர்மாஸே தன் நிலைப்பாட்டைத் திருத்திப் பதில் தந்தார். 2002இல் மைக்கேல் வோர்னர் எதிர்ப் பொதுவெளிகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். 2004இல் பார்த்தா சட்டர்ஜி வேறொரு திசையில் இருந்து வந்தார். நம்மைப் போன்ற நாடுகளில் பெரும்பாலானோர் உரிமையுள்ள குடிமக்களாகச் சிவில் சமூகத்துக்குள் அரசோடு பேசுவதில்லை. நலத்திட்டங்களின் இலக்குக் குழுவாக, பேரம் பேசியும் கெஞ்சியும் அழுத்தம் கொடுத்தும் பேசுகிறார்கள் என்றார். அஸ்வெசும வரிசையை ஒருமுறை பார்த்தவருக்கு இது உடனே பிடிபடும். பிறகு 2022இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், ஹேபர்மாஸ் சமூக ஊடகக் காலத்துக்கு அதே கேள்வியைக் கொண்டுவந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அச்சு எல்லாரையும் வாசகர் ஆக்கியது, இணையம் எல்லாரையும் எழுத்தாளர் ஆக்குகிறது, ஆனால் எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பு யாரிடம் என்பது அவருடைய கவலை. அது 2023இல் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. முதல் நூலுக்கு இருபத்தேழு வருடம், இதற்கு ஒரு வருடம்.

1962 தொடங்கி 2023 வரை ஒரே கேள்வி. பிரேசரின் கட்டுரை, சட்டர்ஜியின் நூலில் ஓர் அத்தியாயம், ஹேபர்மாஸின் சிறு நூல் என்று மூன்றே மூன்றை ஆழமாக வாசித்தாலும் இந்தத் துறையில் நடப்பு விவாதம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முன்னும் பின்னும் போகும் வழி

ஒரு கட்டுரையின் உசாத்துணைப் பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கொண்டுபோகும். முன்னோக்கிப் போக, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலர் வேண்டும். கட்டுரையின் தலைப்பை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து தேடினால், அதற்குக் கீழே எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணோடு ஓர் இணைப்பு இருக்கும். பிரேசரின் கட்டுரைக்கு அது ஆயிரக்கணக்கில் வரும். பயப்பட வேண்டாம். அந்த இணைப்பைத் திறந்து, மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடும் பெட்டியைத் தெரிவு செய்து, இலங்கை, நுண்கடன், சாதி என்று உங்கள் கேள்விக்குரிய சொல்லை ஆங்கிலத்தில் இடுங்கள். ஆண்டையும் மட்டுப்படுத்துங்கள். ஆயிரம் பத்தாகக் குறையும்.

பில்பேப்பர்ஸ் என்ற தளம் மெய்யியல் எழுத்துகளைத் தலைப்பு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறது. நூல்களுக்கு நோட்ரடாம் மெய்யியல் மதிப்புரைகள் என்ற இலவச வெளியீடு உண்டு. 2002இல் இருந்து வருகிறது. பதினைந்தாயிரம் ரூபாய் நூலை வாங்க முடியாத நமக்கு நல்ல ஒரு மதிப்புரை பெரிய உதவி. ஒரே நூலுக்கு இரண்டு மதிப்புரைகள் வாசித்து, எங்கே அவர்கள் வேறுபடுகிறார்கள் என்று பாருங்கள். நூலைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஆய்விதழ்கள்

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. விமர்சனக் கோட்பாட்டுக்குக் கொன்ஸ்டலேஷன்ஸ், தீசிஸ் லெவன், பிலோசபி அண்ட் சோசியல் கிரிட்டிசிசம். இவை பெரும்பாலும் சந்தாவுக்குப் பின்னால் இருப்பவை. ஆனால் பொருளடக்கத்தையும் ஆய்வுச் சுருக்கத்தையும் யாரும் பார்க்கலாம். இலவசமாக முழுவதும் வாசிக்கக் கூடியவை: 1972இல் தொடங்கிய ரெடிக்கல் பிலோசபி, ஆம்ஸ்டர்டாமில் இருந்து வரும் கிரிசிஸ், 2018இல் தொடங்கிய கிரிட்டிக்கல் டைம்ஸ். தெற்காசியாவுக்கு எகனொமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி. அதில் சில கட்டுரைகளே இலவசம்.

அரசியல் மெய்யியலில் அண்மையில் நடந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். த ஜேர்னல் ஒஃப் பொலிட்டிக்கல் பிலோசபி என்ற பெயர்பெற்ற இதழின் ஆசிரியர் ரொபர்ட் குடினை 2023இன் இறுதியில் அதன் வெளியீட்டாளர் வைலி நிறுவனம் நீக்கியது. அதை எதிர்த்து ஆசிரியர் குழுவில் பலர் விலகினார்கள். 2024இல் பொலிட்டிக்கல் பிலோசபி என்ற புதிய இதழ் ஓப்பன் லைப்ரரி ஒஃப் ஹியூமனிட்டீஸ் வெளியீடாக வந்தது. வாசகரிடமும் காசு வாங்குவதில்லை, எழுதுகிறவரிடமும் வாங்குவதில்லை. அதே வருடம் பிலோசபி அண்ட் பப்ளிக் அஃபெயர்ஸ் இதழின் ஆசிரியர்களும் அதே நிறுவனத்தை விட்டு விலகி, பிரீ அண்ட் ஈக்குவல் என்ற பெயரில் இலவச இதழ் ஒன்றை அறிவித்தார்கள்.

மட்டக்களப்பில் இருக்கும் வாசகருக்கு இது நேரடியாகத் தொடர்பான செய்தி. துறையின் முன்னணி வாதங்களில் ஒரு பகுதி இப்போது நம் போனுக்கே இலவசமாக வருகிறது. பழைய இதழின் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அறிவு யாருடைய சொத்து என்று நீதியைப் பற்றி எழுதுகிறவர்களே தங்கள் சொந்த வேலையில் முடிவெடுக்க வேண்டி வந்த இடம் என்பதாலும் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

கட்டுரை கைக்கு வரும் வழிகள்

ஆய்விதழ்களின் இணையக் காப்பகமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் திறந்தால் மாதத்துக்கு 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். பல இதழ்களின் கடைசிச் சில வருடங்கள் அதில் இருக்காது. அதனால் பழையவற்றுக்கு அது நல்லது. பிரேசரின் 1990 கட்டுரை அங்கே உண்டு. புதியவற்றுக்குக் கூகுள் ஸ்கொலரில் "எல்லாப் பதிப்புகளும்" என்ற பொருளில் உள்ள இணைப்பைத் திறந்து பாருங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ மெய்யியல் கட்டுரைகளுக்கான இலவசக் களஞ்சியமான பில்ஆர்கைவிலோ அச்சுக்கு முந்திய பிரதி இருக்கும். கணினியில் வாசிக்கிறவர்கள் அன்பேவோல் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டும். முழு நூல்களுக்கு, ஆய்வு நூல்களை இலவசமாகத் தரும் ஓஏபென் களஞ்சியம்.

ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் யார், எந்தக் கட்டுரை, எந்தக் கேள்விக்காக என்று மூன்றையும் சொன்னால் போதும். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள். தங்கள் கட்டுரையை யாராவது மட்டக்களப்பில் இருந்து தேடுகிறார்கள் என்பது அவர்களுக்கும் சந்தோஷம்தானே.

வந்தாறுமூலை, ஒலுவில் நூலகங்களில் வெளி வாசகருக்கு என்ன நடைமுறை என்று நேரில் போய்க் கேளுங்கள். அங்கே படிக்கும் ஒருவரோடு போனால் இன்னும் இலகு.

வாசிக்கும் முறை

சீ.ஆர். கொப்பியில் எதிரெதிரான இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் மூன்று விஷயம் மட்டும். இவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? எதை மறுக்கிறார்? மறுத்துவிட்டு எதை முன்வைக்கிறார்? வலது பக்கத்தில் ஒன்றே ஒன்று: இது நம் இடத்தில் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை?

முதலில் சுருக்கம், பிறகு முன்னுரையின் கடைசிப் பத்திகள். கட்டுரை எப்படி நகரப்போகிறது என்று அங்கேதான் சொல்வார்கள். பிறகு முடிவுரை. அதற்குப் பிறகுதான் நடுப்பகுதி. இடது பக்கத்தை நிரப்பாமல் வலது பக்கத்துக்குத் தாவக் கூடாது. எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும் விதத்தில் எழுதிவிட்டுத்தான் நம் குறையைச் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு கடினமானது. ஆனால் இது இல்லாமல் வாசித்தால் கோட்பாட்டுச் சொற்களை மேடையில் வீசத்தான் பழகுவோம்.

போனில் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நீண்ட வாக்கியங்களில் "இல்லை" என்பது தொலைந்துபோகும் இடங்களை மட்டும் மூலத்தில் சரிபாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வாசிப்புப் பட்டியல் கேட்டால், இல்லாத கட்டுரைகளையும் இருப்பதுபோலச் சொல்லும். ஒவ்வொரு தலைப்பையும் தேடிக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

சேர்ந்து வாசிப்பது

தனியாக இதைச் செய்து நிலைத்தவர்கள் குறைவு. மூன்று நாலு பேர் போதும். மாதத்துக்கு ஒரு கட்டுரை. ஆங்கிலம் நன்றாக வருகிறவர் விளக்கவுரை செய்ய, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது என்று ஆக்கிவிடாதீர்கள். கட்டுரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் குறைந்தவருக்குச் சின்னப் பகுதி. கள அனுபவம் அதிகம் உள்ளவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார், கட்டுரையின் பலவீனத்தை முதலில் பிடிப்பவரும் அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழு ஓர் ஊருக்குள் முடங்கக் கூடாது. மட்டக்களப்பு நகரத்துத் தமிழரும் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களும், அம்பாறைப் பக்கம் கல்முனை, அக்கரைப்பற்று வாசகர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். ஒரே மொழியில் பேசுகிறோம், ஒரே சந்தையில் வாங்குகிறோம், ஆனால் பொது விஷயங்களைத் தனித்தனிக் கூட்டங்களில் பேசுகிறோம். மொழி ஒன்றாக இருந்தும் பொதுவெளி பலவாகப் பிரிந்து, அந்தப் பிரிவுக்குள் இரத்தமும் சிந்திய ஓர் இடத்தைப் பற்றி ஹேபர்மாஸும் பிரேசரும் எழுதவில்லை. அதைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள் நாம். முஸ்லிம் வாசகர் இல்லாத மேசையில் இருந்து அதை யோசிக்க முடியாது. அம்பாறையில் தமிழ் வாசிக்கும் சிங்கள நண்பர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நம் பக்கத்து எழுத்து

நம் நிலத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தெரியாமல் உலகக் கோட்பாட்டை மட்டும் பின்தொடர்வது வீண் வேலை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும் பற்றி எண்பதுகளிலேயே எழுதியது, சித்திரலேகா மௌனகுருவின் பெண்ணிய எழுத்துகள், சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்கம் பற்றி சி. ஜெயசங்கர் எழுதியவை ஆகியவற்றைத் தேடுங்கள். கலையை ஊராரோடு சேர்ந்து விமர்சித்து மாற்றுவது என்ற வேலை விமர்சனக் கோட்பாடுதான்.

கொழும்பில் 1977இல் தொடங்கிய சமூக விஞ்ஞானிகள் சங்கத்தின் பொலிட்டி இதழ், இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் வெளியீடுகள், ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியம் ஆகியவற்றையும் மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாக வைத்துக் கிழக்குக் கரையின் தமிழர், முஸ்லிம்கள் பற்றி 2008இல் வெளியிட்ட நூல் தாய்வழிக் குடிமுறையை விரிவாகச் சொல்கிறது. இரு சமூகத்திலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. சொத்து இல்லாததால்தான் பெண்ணுக்குப் பொதுவெளியில் இடமில்லை என்று நம்புகிற ஒரு பெண்ணிய வாதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வீடு அவள் பெயரில் இருக்கிறது. கோயில் நிர்வாக சபையிலும் பள்ளிவாசல் நிர்வாக சபையிலும் அவள் எங்கே? உங்கள் கொப்பியின் வலது பக்கத்துக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க

கூகுள் ஸ்கொலரில் உங்கள் கேள்விக்குரிய இரண்டு தேடல்களுக்கு மட்டும் மின்னஞ்சல் அறிவித்தல் வையுங்கள். இரண்டு மூன்று இதழ்களின் பொருளடக்க அறிவித்தலுக்குப் பதிவு செய்யுங்கள். அதற்கு மேல் வைத்தால் வாசிக்காத மின்னஞ்சல்தான் குவியும்.

பல பல்கலைக்கழகக் கருத்தரங்குகள் இப்போது சூமிலும் நடக்கின்றன. கோடை காலத்தில் பிராங்பேட்டில் மாலை 4 மணி என்றால் நமக்கு இரவு 7.30. நியூயோர்க்கில் நண்பகல் என்றால் இரவு 9.30. பதிவு செய்துவிட்டுப் பேச்சாளரின் ஒரு கட்டுரையை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போங்கள்.

"பணம் கட்டுங்கள், ஒரு கிழமையில் பிரசுரிக்கிறோம்" என்று மின்னஞ்சல் வரும். பட்டம் முடித்த பிள்ளைகள் பலர் இதில் காசை இழக்கிறார்கள். யாரும் இலவசமாக வாசிக்கக் கூடிய திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் அந்த இதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் இருந்தாலும், அந்த இதழில் ஏற்கெனவே வந்த இரண்டு கட்டுரைகளை வாசித்து, அவை யாருக்கேனும் பதில் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

ஆறு மாதம் கழித்து, நீங்கள் வாசித்த ஒரு கட்டுரைக்குத் தமிழில் ஆயிரம் சொல்லில் மதிப்புரை எழுதுங்கள். கொப்பியின் இடது பக்கம் முதல் பாதி, வலது பக்கம் இரண்டாம் பாதி. குழுவில் வாசித்துத் திருத்திவிட்டு ஒரு சிற்றிதழுக்கு அனுப்புங்கள். அதன் ஆங்கிலச் சுருக்கத்தை மூல ஆசிரியருக்கும் அனுப்பி, பொருந்தாத அந்த இடத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.